ஃப்ரீசரில் இடம் கொடுத்த அக்காவுக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

அன்புள்ளங்களுக்கு,

வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து ஆல்பங்களெல்லாம் நனைந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருக்கிறது, வாடையும் போகவில்லை. ஆனால் நேற்று ராத்திரி கடைசிப் போட்டோப் பொட்டலத்தையும் பிரித்தாயிற்று. கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் எது மிஞ்சியது, எது போனது என்று தெரிந்துவிட்டது. அந்தச் சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறோம்.

முதலில் மாடி வீட்டு அக்காவுக்கு.

அக்கா, ஒட்டிப்போன படங்களை நாங்கள் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தபோது படியிறங்கி வந்தீர்கள். "ஐயோ, பிரிக்காதீங்க! அப்படியே தண்ணியில போடுங்க" என்றீர்கள். நனைந்து கெட்டதை மறுபடியும் தண்ணீரில் போடுவதா என்று ஒரு கணம் திகைத்துப்போனோம். 1988 முதல் 2024 வரை 37 கிறிஸ்துமஸ், வருடத்துக்கு ஒரு படம். அதில் 34 இன்று நம் கையில் இருக்கிறது என்றால் அந்த ஒரு அதட்டல்தான் காரணம்.

இதே நிலைமையில் இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால், நீங்கள் சொல்லிக்கொடுத்ததை விட்டுவிடாமல் எழுதிவைக்கிறோம்.

பழைய போட்டோ பிரிண்டில் உருவம் தாளில் இல்லை, தாளின் மேல் பூசிய ஜெலட்டின் படலத்தில் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அந்தப் படலம் ஊறிக் குழைந்துவிடும். ஈரம் இருக்கிற வரை இரண்டு படங்கள் வழுக்கி விலகும். முகத்தோடு முகம் காய்ந்தால் அதே ஜெலட்டின் பசையாக மாறிவிடும். அப்புறம் இழுத்தால் ஒன்றின் முகம் மற்றதோடு உரிந்து வந்துவிடும். அதனால்தான் காயவிடக் கூடாது. அகலமான தட்டில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, படங்களை அதில் ஊறவிட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து மெல்ல ஆட்டினால் தானாகப் பிரியும். முகத்தில் விரல் படக் கூடாது, துணியால் ஒற்றவும் கூடாது. சேறு போகும்வரை தண்ணீரை மாற்ற வேண்டும். பிறகு முகம் மேலே பார்க்க, வெள்ளைத் தாள்மேல் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். செய்தித்தாள் போட்டால் மை ஏறிவிடும். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டவே வேண்டாம். படலமும் தாளும் ஒரே வேகத்தில் சுருங்காது, படம் சுருண்டு வெடித்துவிடும். லேசாகச் சுருண்டிருந்தால் நன்றாக உலர்ந்த பிறகு இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கினால் நிமிர்ந்துவிடும். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படங்களுக்கு மட்டும் இந்த வைத்தியம் ஆகாது. தண்ணீரில் போட்டால் நிறமே கரைந்துவிடும்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். ஈரமாக இருந்தால் கண்ணாடியோடு சேர்த்தே தண்ணீரில் ஊறவிடுங்கள். காய்ந்துவிட்டது என்றால் தொடாதீர்கள். கண்ணாடிக்கு மேலிருந்தே ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வதுதான் நல்லது.

இதெல்லாம் ஒரு ஆல்பத்துக்குச் சரி. எங்களிடம் இருந்தது ஐந்து. 48 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தால் படலமே கழன்று வரத் தொடங்கும், வெளியே ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அத்தனையையும் இரண்டு நாளில் கழுவி உலர்த்த ஆளும் இல்லை, இடமும் இல்லை. உறையவைத்துவிட்டால் பூஞ்சை வளராது, ஒட்டுவதும் நின்றுவிடும், வாரக்கணக்கில் அவகாசம் கிடைக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் மின்சாரமே இல்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நீங்கள் ஒன்றும் பேசாமல் மேலே போய்விட்டீர்கள்.

பண்டிகைக்கென்று நீங்கள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்து நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு மூன்று தட்டையும் காலி செய்தீர்கள் என்பது எங்களுக்கு ஒரு வாரம் கழித்து, அதுவும் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலம் முழுக்க, எந்த வீட்டிலும் ஃப்ரீசரில் ஒரு சாண் இடம்கூட மிச்சமிருக்காத நாட்களில், உங்கள் ஃப்ரீசரில் இருந்தது எங்கள் குடும்பம்.

பொட்டலம் கட்டுவதிலும் உங்கள் கைப்பக்குவம் தெரிந்தது. பத்துப் பதினைந்து படத்துக்கு மேல் ஒரு பொட்டலத்தில் வைக்கவில்லை. நடுநடுவே மெழுகுத்தாள், வெளியே ஜிப் கவர். ஒவ்வொரு கவருக்குள்ளும் ஆல்பத்தின் எண்ணைப் பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டு. எடுக்கும்போது ஒரு ராத்திரிக்கு ஒரே பொட்டலம். கவரோடு வெளியே வைத்து, தானாக இளகிய பிறகுதான் தண்ணீர்த் தட்டு. பெரிய கட்டாகப் போட்டிருந்தால் ஓரம் இளகி நடு இளகாமல், அவசரத்தில் யாராவது வளைத்து உடைத்திருப்போம்.

அந்தப் படங்களில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், வெளியாருக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே காட்சி. 24-ஆம் தேதி நள்ளிரவு, வீட்டிலேயே சின்னவர் யாரோ அவர் பாலன் இயேசுவைக் குடிலில் வைக்க வேண்டும். அதுவரை தீவனத் தொட்டி காலியாகவே இருக்கும். ஞானிகள் மூவரும் அறையின் அடுத்த மூலையில் புறப்பட்டு, தினம் ஒரு சாணாக நகர்ந்து ஜனவரி 6 அன்றுதான் குடிலுக்கு வந்து சேர வேண்டும். 1988 படத்தில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று பாலனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறது, விரல்களுக்கு நடுவே சிலையின் கால் மட்டும் தெரிகிறது. 2019 படத்தில் அதே ஆள், நெற்றி ஏறிப்போய், இன்னொரு பிள்ளையின் முழங்கையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு குனிந்து நிற்கிறது. நேற்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

போனது 1993, 1994, 2001. அந்த மூன்றும் நீங்கள் வருவதற்கு முன் எங்கள் கையால் இழுத்துப் பிரித்தவை.

மற்ற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெட்டிகளைத் தலையில் சுமந்து மாடி ஏற்றிய தம்பிகள், தட்டுகளும் வெள்ளைத் தாள்களும் கொண்டுவந்து குவித்தவர்கள், சிவப்பு மேசைவிரிப்பைத் தனியாகப் பிரித்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசி மற்ற துணிகளில் சாயம் ஏறாமல் காப்பாற்றிய அத்தை, பொங்கிப் போட்டவர்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள். தாத்தா நடத்திய கிறிஸ்துமஸ் ஜெபம் பதிவான கேசட்டை உடனே ஓட்டிப் பார்க்கத் துடித்த எங்களைத் தடுத்த தம்பிக்குத் தனி நன்றி. ஈர நாடா ரப்பர் உருளையில் சுற்றிக்கொண்டு அறுந்துபோகும் என்று சொல்லி, ஐந்து திருகாணியைக் கழற்றி, நாடாவை வாலை வடிநீரில் அலசி, நாட்கணக்கில் உலரவிட்டு வேறு கூட்டுக்கு மாற்றினார். தாத்தாவின் இருமல்கூடப் போகவில்லை.

குடில் சிலைகள் பிழைக்கவில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஜிப்சமாக இறுகுவது, தண்ணீரில் கொஞ்சம் கரையும். ஊறினால் மேல்பரப்பு மாவாகி, பெயிண்ட் தோலாக உரிந்துவிடும். உள்ளே இருக்கும் கம்பி துருவேறிப் பழுப்புக் கறை வெளியே வரும். சுட்ட மண் சிலையாக இருந்தால் அலசி எடுத்துவிடலாம். எங்களுடையதில் மாடும் கழுதையும் மட்டும் சுட்ட மண், அவை இரண்டும்தான் மிச்சம். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அமைத்த குடிலில் சிலையே கிடையாது. வைக்கோல் போட்ட தீவனத் தொட்டி, உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். இந்த வருடம் எங்கள் குடிலும் அப்படித்தான் இருக்கும், குறையாக நினைக்கவில்லை. சீரியல் லைட்டைச் சரிசெய்து தருவதாகச் சொன்ன அண்ணன் மன்னிக்க வேண்டும். மூழ்கிய வயரை மறுபடி மாட்ட எங்களுக்குத் தைரியம் இல்லை, தூக்கிப் போட்டுவிட்டோம்.

இனிமேல் செய்யப்போவதையும் எழுதிவிடுகிறோம், நீங்கள் எல்லோரும் சாட்சி. மிஞ்சிய படம் ஒவ்வொன்றையும் 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் எடுப்போம். நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 2400-க்கு 3600 பிக்ஸல் வரும், பெரிதாகவே பிரிண்ட் போடலாம். பிரதிகள் மூன்று வெவ்வேறு வீடுகளில் இருக்கும். படத்தின் பின்னால் பெயரும் வருடமும் பென்சிலால்தான் எழுதுவோம். ஜெல் பேனாவால் எழுதியது முழுக்க அழிந்துவிட்டது, அப்பத்தா பென்சிலால் எழுதியது அப்படியே இருக்கிறது. 1970-களிலிருந்து பரவலான பிரிண்டுகளின் பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் சாதாரண எச்பி பென்சில் ஏறாது, 6பி மாதிரி மென்மையான பென்சில் வேண்டும். பசை தடவிய பக்கங்கள் உள்ள ஆல்பத்தை இனி வாங்கமாட்டோம்.

அக்கா, உங்கள் ஃப்ரீசரின் மேல் இரண்டு தட்டையும் இன்று காலை துடைத்து வைத்துவிட்டோம். கீழ்த் தட்டில் மட்டும் ஒரு பொட்டலம் இருக்கிறது. அப்பத்தா மைப் பேனாவால் எழுதிய கிறிஸ்துமஸ் கடிதங்கள். "அவசரம் இல்ல, கிடக்கட்டும்" என்று நீங்கள் சொன்னதால் விட்டுவைத்திருக்கிறோம். ஜனவரி 6 கழிந்ததும் எடுத்துக்கொள்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
கீழ் வீட்டுக் குடும்பத்தார்