தசமபாகமும் பாக்கிக் கூலியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போதகர்களின் ஆடம்பரம் பற்றி, அவர்களின் கார், கைக்கடிகாரம், விமான டிக்கெட் பற்றி உங்கள் பத்திரிகையில் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. கோபம் நியாயம்தான். ஆனால் மாயக்காரர், அதாவது பக்தி வேஷம் போடுகிறவர், என்றதும் எல்லார் கண்ணும் பிரசங்க மேடைக்கே போகிறது. டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற நம் குடும்பங்கள் பார்க்க வேண்டிய கணக்கு சமையலறையில் கிடக்கிறது. வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் கூலியைச் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச் 1 அன்று மணிக்கு 28.79 ராண்ட் என்று நிர்ணயிக்கப்பட்டது. வீட்டு வேலைக்கென்று தனியாக இருந்த குறைந்த விகிதம் 2022-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. மூன்று மணி நேரத்தில் வேலையை முடித்து அனுப்பினாலும் நான்கு மணி நேரத்துக்குரிய கூலி தர வேண்டும். டாக்ஸிக் காசு, மதியச் சோறு, மிஞ்சிய பிரியாணி, பழைய துணி, கிறிஸ்துமஸ் போனஸ் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. "நாங்கள் எவ்வளவோ கொடுக்கிறோம்" என்பவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் கூட்டிச் சொல்கிறார்கள்.

மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவரை யு.ஐ.எஃப். என்ற அரசு வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிய வேண்டும். அவர் கூலியிலிருந்து 1 சதவீதம், வீட்டுக்காரர் பங்கு 1 சதவீதம். இதைக் கட்டாமல் விட்டால், வேலை போகும் காலத்திலும் பிள்ளை பெறும் காலத்திலும் அவர் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கையை, மொத்தச் சம்பளத்தில் எடுப்பதா, வரி போக எடுப்பதா என்று மணிக்கணக்கில் வாதாடும் நமக்கு இந்த 2 சதவீதம் நினைவுக்கு வருவதில்லை. ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகம் வரை தசமபாகம் கொடுத்துவிட்டு நியாயத்தை விட்டுவிட்டவர்களை இயேசு கண்டிப்பதை மத்தேயு 23-ல் படிக்கும்போது, அது வேறு யாரையோ பற்றி என்று நினைக்கிறோம்.

ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரியையும் சேர்த்தே சொல்கிறது (யாத்திராகமம் 20:10). ஆராதனை முடிந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, வழக்கமாக ஞாயிறு வராதவரை வரச்சொன்னால், சட்டப்படி இரட்டைக் கூலி.

நம் முன்னோர் 1860-ல் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்தபோது பேசிய கூலி மாதம் 10 ஷில்லிங். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். அந்தத் தோட்ட முதலாளிகளில் ஞாயிறு கோயிலுக்குப் போனவர்களும் உண்டு.

இனி கணக்கு. எட்டு மணி நேர வேலைக்கு நாளுக்கு 180 ராண்ட் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த 2025 விகிதப்படி சேர வேண்டியது 230.32. குறைவு 50.32. வாரம் இரண்டு நாள், 50 வாரத்துக்கு 5,032 ராண்ட். லேவியராகமம் 6-ன்படி, பிறருக்குரியதைத் திருப்பித் தரும்போது முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும், அது 1,006.40. ஆக 6,038.40 ராண்ட், உரியவர் கையில், அதுவும் பலி செலுத்தும் அன்றைக்கே. தொழிலாளர் சட்டம் இதைவிடக் கடுமை: பாக்கியைத் தீர்ப்பதோடு, குறைத்த தொகையைப் போல் இரண்டு மடங்கு அல்லது இரண்டு மாதக் கூலி, எது அதிகமோ அது அபராதம். இயேசுவைச் சந்தித்த வரி வசூல்காரன் சகேயு தானாகவே நாலத்தனை (நான்கு மடங்கு) தருகிறேன் என்றான். லேவியராகமத்தில் உள்ள மோசேயின் கணக்குதான் இருப்பதில் மலிவு, அதையும் தள்ளிப்போடுகிறோம்.

பாக்கியைத் தீர்க்கும்போது அன்பளிப்பு என்று உறைக்குள் வைத்து நீட்டாதீர்கள். எந்த மாதத்துக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு குறைந்தது என்று எழுதி, பாக்கிக் கூலி என்று சொல்லியே கொடுங்கள். அன்பளிப்பென்றால் அவர் நன்றி சொல்ல வேண்டியதாகிவிடும்.

அவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார், இனி எங்கே தேடுவது, அந்தத் தொகையைச் சபைக்கே காணிக்கையாகப் போட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் எண்ணாகமம் 5:8-ஐப் பார்க்கவும். உரியவர் இல்லாவிட்டால் அவருடைய உறவினர். வாங்குவதற்கு உறவினரும் இல்லை என்றால்தான் ஆசாரியனுக்கு.

இப்படிக்கு,
சபைக் கணக்குகளோடு பழகிய ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்