நந்தியாவட்டைப் புழுவுக்கு மருந்தடிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில், அரளியிலும் நந்தியாவட்டையிலும் வரும் ‘கண் வைத்த புழு’வைக் கண்டதும் மருந்தடிக்கச் சொல்லியிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை.

பார்த்தால் பயம் வருவது இயல்புதான். விரல் தடிமனில் பச்சை உடம்பு, தலைக்குச் சற்றுப் பின்னால் கறுப்பு விளிம்பு கட்டின நீலவெள்ளைக் கண் இரண்டு. குச்சியால் லேசாகத் தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்பக்கத்தை வளைக்கும், அந்த வட்டங்கள் இன்னும் பெரிதாகும். அதன் நிஜக் கண்களோ முகத்தில் தேடினால்தான் கிடைக்கும், அவ்வளவு சிறியவை. இந்த ஏற்பாடெல்லாம் கொத்தவரும் பறவைக்காக. நம்மை அது கடிக்காது, சுணையும் இல்லை, வாலில் இருக்கும் கொம்பும் கொட்டாது.

அப்புறம், கண் குறி என்றாலே மிரட்டத்தான் என்று எழுதியதும் பாதிதான் சரி. வண்ணத்துப்பூச்சிகளின் இறக்கை ஓரத்தில் இருக்கும் சின்னச் சின்னக் கண்கள் பறவையின் அலகை அங்கே இழுப்பதற்கு. ஓரம் கிழிந்தாலும் உடம்பு தப்பிக்கும். அந்தியில் விளக்கைத் தேடி வீட்டுக்குள் வருமே ஒரு பழுப்பு வண்ணத்துப்பூச்சி, அதன் இறக்கையின் அடிப்பக்கத்தில் மழைக்காலத்தில் வரிசையாகக் கண்கள் தெளிவாக இருக்கும், வறண்ட மாதங்களில் பிறக்கும் பூச்சிக்கு அவை வெறும் புள்ளியாகச் சுருங்கிவிடும். காய்ந்த சருகுக்கு நடுவே உட்காரும் பூச்சிக்கு ஒளிவதுதானே லாபம்.

பெரிய வட்டத்தைப் பறவை கண் என்றே நினைக்கிறதா, இல்லை பளிச்சென்று இருப்பதால் தயங்குகிறதா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது. பறவையை விடுங்கள், போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ பகுதியில் மாடுகளின் பின்புறத்தில் கண் வரைந்து பார்த்தார்கள், 2020இல் முடிவு வெளியானது. கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றைக்கூடச் சிங்கமோ சிறுத்தையோ கொல்லவில்லை. வெறும் பெருக்கல் குறி போட்ட 543இல் 4 போயின, எதுவும் வரையாத 835இல் 15. ஆக ஏதோ ஒரு குறி இருந்தாலே கொஞ்சம் பலன் இருக்கிறது, கண்ணாக இருந்தால் இன்னும் அதிகம். பதுங்கி வரும் விலங்கு, தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தோன்றினாலே பெரும்பாலும் பின்வாங்கிவிடும்.

அந்தப் புழு நன்றாக வளர்ந்தபின் பழுப்பாகி, கீழே இறங்கி, சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். இலை தின்ற செடியும் மறுபடி துளிர்க்கும். அடுத்த இதழிலேயே அந்தக் குறிப்பைத் திருத்தி, மருந்து வேண்டாம் என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி