கிளட்ச் பெடல் கீச்சிட்டால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மழை ஓய்ந்து, ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி மாலை போட்ட கையோடு, எங்கள் அல்சூர் பட்டறைக்கு ஒரே புகாரோடு பலர் வருகிறீர்கள். "அண்ணே, கிளட்ச் மிதிச்சா கீச்சு கீச்சுன்னு கத்துது. பிளேட் போயிடுச்சா?" சிலரிடம் வேறு எங்கோ கிளட்ச் செட்டையே, அதாவது கிளட்ச்சின் முக்கியப் பாகங்கள் அத்தனையையும், மாற்றச் சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஓசூர் தாண்டி ஊருக்குப் போக வேண்டிய நேரத்தில் அந்தச் செலவு எவ்வளவு பெரிய இடி என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒரு விஷயம். பெடல் கீச்சிடுவதை வைத்து மட்டும், இன்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. தேய்ந்த பிளேட்டின் அடையாளங்கள் வேறு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சுற்று மட்டும் ஏறும், வண்டி அதற்கேற்ற வேகம் எடுக்காது. ஏற்றத்தில் கருகிய வாடை வரும். கீச்சு சத்தமோ, கிரீஸ் வற்றிய இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் விடுபடுவதுமாக, நொடிக்குப் பல முறை அதிர்வதால் எழுவது. எண்ணெய் காணாத ஊஞ்சல் கொக்கி போடும் சத்தமும் இதே வகைதான். ஆகவே, எந்த இரண்டு பரப்புகள் உரசுகின்றன என்று கண்டுபிடித்த பிறகுதான் செலவைப் பற்றிப் பேச வேண்டும்.

அதை வீட்டிலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, பெடலை மெதுவாக மிதித்து மெதுவாக விடுங்கள். சத்தம் அப்போதும் வருகிறதா? வந்தால் குற்றவாளி பெரும்பாலும் பெடல், ஸ்பிரிங், கேபிள், ஃபோர்க் (கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் நெம்புகோல்) இவற்றில் ஒன்று. சுழலும் பாகங்களுக்கு அதில் பங்கில்லை. இன்ஜின் அணைந்திருக்கும்போது அமைதியாக இருந்து, ஓடும்போது மட்டும் சத்தம் கேட்டால் கதை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, காலடியில் கிடக்கும் மேட்டை எடுத்து வெளியே போடுங்கள். ரப்பர் மேட்டின் ஓரம் பெடலின் தண்டில் உரசி, அசல் கீச்சு சத்தமே தரும். ஈரமான ஷூவின் அடிப்பகுதி பெடல் ரப்பரில் வழுக்கும்போதும் அப்படித்தான். இதை முதலில் ஒதுக்கிவிட்டு, பெடலைக் காலால் அல்லாமல் கையால் அழுத்துங்கள். இன்னொரு கையின் விரலைப் பெடல் தண்டின் மேல் பகுதியில் வைத்தால், சத்தம் எழும் கணத்தில் விரலில் நறநறவென்று அதிர்வு தெரியும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஒரு துண்டு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வோர் இடமாக நகர்த்திக் கேட்பதுதான் எங்கள் பட்டறையிலும் நாங்கள் செய்வது. வெறும் காதுக்கு டேஷ்போர்டு முழுவதும் கத்துவதுபோல் இருக்கும் சத்தம், குழாய் வழியே ஒரே புள்ளியில் வந்து நிற்கும்.

அந்தப் புள்ளி பெரும்பாலும் பெடல் தொங்கும் அச்சில் இருக்கும் புஷ்தான். பல கார்களில் அது நைலான் அல்லது பிளாஸ்டிக்கால் ஆன சிறிய வளையம். கம்பெனியில் வைத்த கிரீஸ் ஆண்டுக்கணக்கில் வற்றும், நம் ஊர் சாலைப்பணித் தூசி அதில் ஒட்டும், மழைக்காலத்தில் ஷூவோடு உள்ளே வரும் ஈரத்தில் இரும்பு அச்சு துருப்பிடிக்கும். சில்க் போர்டு, ஹெப்பால், கே.ஆர். புரம் நெரிசலில் ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை முறை கிளட்ச் மிதிக்கிறீர்கள் என்று எண்ணிப்பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியைவிட நகர வண்டியின் புஷ் சீக்கிரம் தேய்வதில் வியப்பில்லை. வண்டியின் உள்தரையில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஷாம்பு தண்ணீர் தெறித்து அந்த மிச்ச கிரீஸையும் கரைத்துவிடும்.

புஷ் ஆடாமல் இறுக்கமாக இருந்தால் பழைய அழுக்கைத் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிகான் கிரீஸையோ வெள்ளை லித்தியம் கிரீஸையோ வைத்தால் போதும். பெடலைப் பக்கவாட்டில் அசைத்தால் கடகடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, கிரீஸ் சில நாள்தான் தாங்கும், மாற்றித்தான் ஆக வேண்டும். சில மாடல்களில் புஷ் தனியாகக் கிடைக்கும், சிலவற்றில் பெடல் அசெம்பிளியாகத்தான் தருவார்கள். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் ஒரே புஷ் பல விலைகளில் கிடைக்கிறது. நீங்களே வாங்கி வருவதானால் பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். அச்சைக் கழற்றும் வேலையை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். பெடல் ஸ்பிரிங் நல்ல விசையில் இருக்கும், தெறித்தால் கண் போய்விடும். டேஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் நிற ஒயர் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக்கினுடையது, அதைத் தொடவே கூடாது.

புஷ்ஷுக்கு அடுத்தபடி ஸ்பிரிங்கின் இரு முனைகளும் மாட்டியிருக்கும் கொக்கி, பெடலையும் அது தள்ளும் கம்பியையும் இணைக்கும் சிறு ஊசி (பின்), பெடல் வந்து முட்டும் சுவிட்ச். இவை மூன்றும் ஒரு சொட்டு கிரீஸில் அடங்குபவை.

மாருதி 800, ஆல்டோ போன்ற சின்ன கார்களில் கிளட்ச் கேபிளில் இயங்குகிறது. கீச்சு சத்தத்தோடு பெடலும் கனமாகிவிட்டால் கேபிளைச் சந்தேகியுங்கள். உறைக்குள் இழைகள் பிரிந்து உரச ஆரம்பித்திருக்கும். அதற்குள் எண்ணெய் ஊற்றிச் சமாளிப்பதை நாங்கள் ஏற்பதில்லை. பிரிந்த இழை மீண்டும் சேராது, அத்திப்பள்ளி டோலில் வரிசையில் நிற்கும்போது அறுந்தால் குடும்பத்தோடு நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். மாற்றிவிடுங்கள்.

கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள கார்களில், பெடலுக்குப் பின்னால் அந்த அழுத்தத்தை உண்டாக்கும் மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. அதன் கம்பி உள்ளே நுழையும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் சீல் கசிகிறது என்று பொருள். பல கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஆயில் டப்பா ஒன்றேதான், ஆகவே இந்தக் கசிவை ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்த இடத்தில் கிரீஸோ இன்ஜின் ஆயிலோ வைக்கவே கூடாது. பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் சீல், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும்.

கையில் ஸ்ப்ரே டப்பா இருக்கிறதே என்று கண்ட இடத்தில் அடிப்பதைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். துரு இளக்கும் மெல்லிய ஸ்ப்ரே, இருக்கும் கிரீஸையும் கழுவிவிட்டுச் சில நாளில் தானும் காய்ந்துவிடும். சத்தம் திரும்ப வரும், அதற்குள் எங்கிருந்து வந்தது என்ற தடயமும் அழிந்திருக்கும். அது வழிந்து பிரேக் பெடலின் ரப்பரில் இறங்கினால் அவசரத்தில் கால் வழுக்கும். பானெட்டைத் திறந்து ஃபோர்க் நுழையும் துளைக்குள் அடித்தால், கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டு, நன்றாக இருந்த பிளேட் வழுக்கத் தொடங்கும். கிரீஸ் வைக்கும் பணி விரல் நுனியால் செய்ய வேண்டியது. முடிந்ததும் மூன்று பெடல்களின் ரப்பரையும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

இனி, இன்ஜின் ஓடும்போது மட்டும் வரும் சத்தம். பெடலை மிதித்ததும் விர்ரென்றோ கரகரவென்றோ கிளம்பி, இன்ஜின் வேகத்தோடு அதுவும் ஏறி, காலை எடுத்ததும் நின்றால், மிதிக்கும்போது கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். நேர்மாறாக, கால் எடுத்திருக்கும்போது நியூட்ரலில் கேட்டு, மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸின் உள்ளே போகும் தண்டின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். பேரிங் எதுவானாலும் கியர்பாக்ஸை இறக்காமல் வேலை நடக்காது. இறக்கும் கூலிதான் பெரிது என்பதால், இறக்கியபின் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் அளந்து பார்த்து, பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் சேர்த்து மாற்றச் சொல்வோம். அந்த நிலையில் கிளட்ச் செட் என்பது நியாயமான செலவு. சிக்னலில் கியர் போட்டு கிளட்ச்சை மிதித்தபடியே நிற்பதும், பெடலின் மேல் காலை வைத்தபடி ஓட்டுவதும் இந்தப் பேரிங்கின் ஆயுளைக் குறைக்கும். நிற்கும்போது நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள்.

எங்களிடம் வரும்போது மூன்று தகவல் சொன்னால் வேலை பாதி முடிந்ததாக எண்ணுவோம்: சத்தம் வருவது காலையில் முதல் முறை மிதிக்கும்போதா, மழைக்குப் பிறகா, எப்போதுமா; பெடலை மிதிக்கும்போதா, விடும்போதா; இன்ஜின் அணைந்தாலும் கேட்கிறதா. போனில் சத்தத்தைப் பதிவு செய்து வந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பட்டறைக்கு வந்ததும் பல வண்டிகள் வாயை மூடிக்கொள்ளும். பெடல் பகுதியை உங்கள் முன்னிலையிலேயே சோதித்துக் காட்டிய பிறகுதான் கியர்பாக்ஸைப் பற்றிப் பேசுவோம். கழற்றிய பழைய பாகத்தை உங்கள் கையிலேயே தருவோம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கூட்டம் அதிகமாக இருக்கும். கேபிள், மாஸ்டர் சிலிண்டர் சந்தேகம் உள்ளவர்கள் அதற்கு முன்பே ஒரு காலை வேளையில், இன்ஜின் சூடேறும் முன் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து
அல்சூர், பெங்களூரு