செயலாளரின் ஆண்டறிக்கை: பின்பால் பெட்டியும் ஒரு சொலினாய்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தது. ரேடியோ பழுதுபார்ப்பு, பிள்ளைகளுக்கான சால்டரிங் வகுப்பு எல்லாம் வழக்கம்போலத்தான். விரிவாகச் சொல்ல வேண்டியது பின்பால் பெட்டியைப் பற்றி. சாய்ந்த மேசையில் உருளும் குண்டைத் தட்டித் தட்டி ஆடுவதுதான் பின்பால்.

பழைய டிவியைப் படுக்கவைத்து, கணினியில் பின்பால் விளையாட்டை ஓடவிட்டு, மரப்பெட்டிக்குள் பொருத்தினோம். பார்க்க அழகாக இருந்தது, ஆடினால் சப்பென்று இருந்தது. அசல் மேசைகளில் இலவச ஆட்டம் கிடைத்தால் உள்ளே ஒரு சொலினாய்டு (மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் தண்டை இழுக்கும் கம்பிச்சுருள்) மரத்தை டொக்கென்று அடிக்கும். நாக்கர் என்பார்கள். அந்தச் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. உள்ளங்கையில் மரம் அதிர வேண்டும்.

வாங்கியது 12 வோல்ட் சொலினாய்டு. அதன் காயில், அதாவது கம்பிச்சுருள், 8 ஓம், ஆக ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். அதை இயக்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையின் ஒரு பின்னில் (இணைப்பு முனையில்) 20 மில்லி ஆம்பியருக்குள் எடுப்பதுதான் நல்லது, 40ஐத் தாண்டவே கூடாது. நடுவில் மாஸ்பெட் அவசியம். கேட் என்ற முனைக்குச் சிறு வோல்டேஜ் கொடுத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் மின்னணு சுவிட்ச் அது. எதைப் போடுவது என்று சில வாரம் வாக்குவாதம் நடந்தது. ஐஆர்எஃப்540 எங்கும் கிடைக்கும், ஆனால் அது கேட்டில் 10 வோல்ட் எதிர்பார்க்கும் ரகம். டிப்120 டிரான்சிஸ்டர் வேலை செய்யும், ஆனால் ஒரு வோல்ட் அளவுக்குத் தானே தின்றுவிடும். கடைசியில் ஊனோ தரும் 5 வோல்ட்டுக்கே நன்றாகத் திறக்கும் ஐஆர்எல்இசட்44என் ஜெயித்தது. சென்னை ரிச்சி தெருவில் கேட்டு வாங்கினோம்.

காயிலுக்குக் குறுக்கே, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம். மின்னோட்டம் நின்றதும் காயில் கிளப்பும் பெரிய வோல்டேஜ், டையோடு இல்லாவிட்டால் மாஸ்பெட்டின் தலையில்தான் விடியும். காயிலுக்கும் ஊனோவுக்கும் உள்ள இரண்டு சப்ளைகளின் கிரவுண்டையும் (பொது எதிர்முனையையும்) சேர்த்தோம். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒரு மாலை நிரல் பாதியில் உறைந்து ஊனோவின் பின் ஆன் நிலையிலேயே நிற்கும் வரை. 18 வாட் அந்தச் சின்னக் காயிலில் இறங்கி, வார்னிஷ் கருகும் வாசனை மாடிப்படி வரை வந்தது. ஒரு தட்டுக்கு 50 மில்லி விநாடி தாராளம். அப்புறம் நிரல் ஓடுகிறதா என்று கண்காணிக்கும் வாட்ச்டாக் டைமரை இயக்கினோம். நிரல் உறைந்தால் சிப் ரீசெட் ஆகும், அந்தப் பின் தன் பிடியை விடும், அந்த 10 கிலோ ஓம் கேட்டைக் கீழே இழுத்துவிடும். காப்புக்குக் காப்பாக அரை ஆம்பியர் ஸ்லோ புளோ (மெதுவாக உருகும்) பியூஸும் உண்டு. தட்டும்போது தாங்கும், தொடர்ந்து இழுத்தால் சில விநாடிகளில் போய்விடும். பியூஸ் வேண்டாத செலவு என்று முன்பு சொன்னவர்கள் இப்போது வாய் திறப்பதில்லை.

அடுத்த ஆண்டு, 1947இல் காட்லீப் நிறுவனத்தின் ஹம்ப்டி டம்ப்டி மேசையோடு வந்த ஃபிளிப்பரை (குண்டைத் தட்டிவிடும் சிறு துடுப்பை) செய்து பார்க்க இளைஞர்கள் கேட்கிறார்கள். அதற்கு இழுக்க ஒரு தடித்த சுற்று, பிடித்து நிறுத்த ஒரு மெல்லிய சுற்று என இரட்டைக் காயில் வேண்டும். கரண்ட் லிமிட் உள்ள பவர் சப்ளை ஒன்றும் வாங்க வேண்டும். இதற்குப் பேரவை அனுமதி கோருகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பெட்டிக்கு மரவேலை செய்து கூலி வாங்க மறுத்த உறுப்பினருக்கு நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்