சின்னவனுக்கு, காசிமேட்டிலிருந்து அம்மா

தம்பி,

பணம் வந்துச்சு. சீட்டுக்குக் கட்டிட்டேன். மூணு ஞாயித்துக்கிழமையா உன் போன் வரல. வேலை இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

தற்கொலையில வீட்டாளைப் பறிகொடுத்தவங்ககிட்ட பேசுற ஆராய்ச்சின்னு ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்க. வரலன்னா சுகர் மாத்திரையை நிறுத்திடுவாங்களோன்னு பயந்துதான் போனேன். அங்க கேள்வி கேக்க உக்காந்திருந்த பொண்ணு மொத வேலையா, "வேணாம்னா இப்பவே எழுந்து போலாம்மா, உங்க வைத்தியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல"ன்னு சொல்லிச்சு. தாள் முழுக்கத் தமிழ்ல வாசிச்சுக் காட்டிச்சு. என் பேருக்குப் பதிலா ஒரு நம்பர்தான். கையெழுத்துப் போட்டதுல ஒரு பிரதி அரிசி டப்பாவுக்கு அடியில இருக்கு, உன் அண்ணி கண்ணுல படாம.

ஆட்டோக்காசு குடுத்தாங்க. வாங்கறப்போ கை கூசிச்சு, உங்க நைனா சாவை வித்துட்டு வர்ற மாதிரி.

ஆனா சாவுக்கு வந்த அத்தனை பேரும் "ஏன் இப்படிப் பண்ணாரு"ன்னுதான் கேட்டாங்க. இந்தப் பொண்ணு "அவரு எப்படிப்பட்டவரு"ன்னு கேட்டுச்சு. உன்னைத் தோள்ல வெச்சினு கடலுக்குக் கூட்டிப் போவாரே, அதைச் சொன்னேன். அழுதுட்டேன். ரெக்கார்டரை நிறுத்திட்டு, தண்ணி குடுத்துட்டு, சும்மா உக்காந்திருந்துச்சு. மறுநாள் போன் பண்ணி "தூங்குனீங்களாம்மா"ன்னு கேட்டுச்சு. இந்த மூணு வருஷத்துல நீகூடக் கேக்கல.

அங்க சொன்ன ஒண்ணை உன்கிட்ட சொன்னதில்ல. 2014-ல நைனா ஆஸ்பத்திரியில கெடந்தாரே, மருந்து மாத்திக் குடிச்சிட்டாருன்னு சொன்னேனே, பொய். போலீஸ் கேஸ் ஆயிடும், உங்க அக்கா கல்யாணம் நின்னுடும்னு டாக்டர்கிட்டயும் அதையே சொன்னேன். உடம்பு தேறினதும் அனுப்பிட்டாங்க. மனசுக்கு யாரும் வைத்தியம் பாக்கல. நான் வாயைத் தொறந்திருந்தா பாத்திருப்பாங்க. 2017-ல வந்த சட்டப்படி அப்படிப் பண்றவங்க மன அழுத்தத்துல இருக்காங்கன்னுதான் எடுத்துக்கணுமாம், தண்டிக்கறதில்லையாம். அது என் காதுக்கு வந்தப்போ அவரு இல்ல.

பொங்கலுக்கு வந்தப்போ நீ லைட்டு போடாம மாடிப்படியில உக்காந்திருந்த. அவரு உக்கார்ற அதே படி. நான் பாத்தேன். காப்பி வேணுமான்னு கேட்டுட்டு உள்ள போயிட்டேன்.

நேரா கேட்டா இல்லாத நெனப்பு வந்துடாது, கேக்கலாம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. கேக்கறேன். உனக்கு அப்படி எதுனா தோணுதாப்பா?

மனசு கஷ்டத்தைச் சொல்ல கவர்மெண்டு வெச்சிருக்கற 14416 நம்பருக்கு ராத்திரி பகல் எப்போ வேணா பேசலாம், காசு கெடையாது. எனக்கும் பண்ணு. போனைத் தலைமாட்டுல வெச்சுத்தான் படுக்கறேன். வேளைக்குச் சாப்பிடு.

அம்மா