மறதிக்கு முட்டையை மட்டும் குறை சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதுமை மறதி பற்றித் தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறுபதைத் தாண்டியவர்கள் முட்டையின் மஞ்சள் கருவைத் தொடவே கூடாது, அந்தக் கொழுப்பு மூளையில் போய்ப் படிந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்ளும். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் அதற்குள் நேராக நுழைய முடியாது. கெடுதல் வருவது வேறு வழியில். எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு வருடக்கணக்காகக் கூடுதலாக இருந்தால், கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களின் சுவரில் படிந்து அவற்றைக் குறுக்குகிறது. வெளியே தெரியாத சின்னச் சின்ன பக்கவாதங்கள்கூட வந்துபோகும். நினைவாற்றல் படிப்படியாகக் குறையும். நடுவயதில் எல்.டி.எல். கூடுதலாக இருப்பதை மறதிநோய்க்கான ஆபத்துக் காரணங்களில் ஒன்றாக, லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் புதிதாகச் சேர்த்தது. நடுவயதில் என்பதுதான் முக்கியம். மறதி தொடங்கும் காலத்தில் பலருக்குக் கொலஸ்ட்ரால் தானாகவே இறங்கிவிடுகிறது. எழுபதில் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதிப்படுவதில் அர்த்தமில்லை.

இது கண்ணுக்குத் தெரியாத விஷயம் வேறு. ஆய்வகத்தில் ரத்தத்தை இயந்திரத்தில் சுற்றி எடுத்த பிறகு குழாயின் மேலே நிற்கும் சீரம் எனும் நீர்ப்பகுதி சிலருக்குப் பால் மாதிரி வெளுத்திருக்கும். அது டிரைகிளிசரைடு எனும் வேறு வகைக் கொழுப்பு. எல்.டி.எல். 190 என எகிறியிருப்பவரின் சீரமோ பெரும்பாலும் தெளிந்த மஞ்சளாகத்தான் இருக்கும். தலைவலி, மயக்கம் என்று உடம்பும் எதையும் காட்டிக்கொடுக்காது.

என் அண்ணன் எண்ணெய் மண்டியில் கணக்கு எழுதியவர். ஒரு மாதச் சரக்கை மனக்கணக்காகவே கூட்டிச் சொல்வார். நாற்பத்தைந்து வயதில் கெட்ட கொழுப்பும் ரத்த அழுத்தமும் அதிகம் என்று தெரிந்தது. "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். அறுபத்திரண்டில் பால்காரருக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கத் தடுமாறினார். ஸ்கேனில் பழைய அடைப்புகள் தெரிந்தன. கொழுப்பு மட்டுமே காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து செய்த வேலை என்றார்.

சரி, முட்டைக்கு வருவோம். ஒரு மஞ்சள் கருவில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு எல்.டி.எல்.லை அதைவிட அதிகமாக ஏற்றுவது நெய், வனஸ்பதி, பாமாயில் போன்றவற்றில் உள்ள, எளிதில் உறையும் நிறைவுற்ற கொழுப்பும், எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பும். பாமாயிலில் 40 முதல் 50 சதவீதம் வரை நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். எங்கள் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை வெளியூர்க்காரர்கள் தேடி வந்து சாப்பிடுகிறார்கள், சந்தோஷம். அது எந்த எண்ணெயில் பொரிகிறது, அந்த எண்ணெய் எத்தனையாவது முறை காய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கடலை எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போடுவது இன்னொரு வேடிக்கை. எந்தத் தாவர எண்ணெயில் அது இருக்கிறது? தங்கள் கட்டுரையைப் படித்த பக்கத்து வீட்டு அம்மா முட்டையை நிறுத்திவிட்டார். மாலை பஜ்ஜி மட்டும் தவறாமல் வருகிறது. பல் இல்லாத வயதில் அவருக்குச் சுலபமாகக் கிடைத்த புரதமே அந்த முட்டைதான்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நாற்பது வயதானவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, வருடம் ஒருமுறை கொழுப்புப் பரிசோதனையும் எடுக்கவைக்க சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். தாங்களும் அடுத்த கட்டுரையை அறுபது வயதுக்காரர்களுக்கு எழுதாமல், அவர்கள் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
விருதுநகர்.