சத்தத்தைக் குறையுங்கள், வசனம் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் திரை விமர்சனங்களைத் தவறாமல் படிப்பவன் நான். கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரியாவது ஒதுக்குகிறீர்கள். பின்னணி இசைக்கு ‘மிரட்டல்’ என்றோ ‘அதிரடி’ என்றோ ஒரு சொல் கிடைத்துவிடுகிறது. ஆனால், படத்தில் பேசிய வசனம் காதில் விழுந்ததா என்று யாரும் எழுதுவதில்லை. அண்மைக்காலப் படங்களிலும் தொடர்களிலும் எனக்குப் பெரிய குறையாகப் படுவது அதுதான்.

2024 நவம்பரில் வந்த ‘கங்குவா’வையே எடுத்துக்கொள்வோம். சூர்யா எவ்வளவு உழைத்திருக்கிறார் என்பது காட்சிக்குக் காட்சி தெரிந்தது. ஆனால் திரையில் எல்லாரும் கத்துகிறார்கள், அதற்கும் மேலே இசை கத்துகிறது. யாருக்கு யாரோடு பகை, எதற்காக இந்தச் சண்டை என்று பிடிபடுவதற்குள் தலைவலி வந்துவிட்டது. புகார்கள் கிளம்பிய பிறகு, ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி திரையரங்குகளிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே பேட்டி கொடுத்தார். ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியும் இந்த இரைச்சலைப் பற்றி வருத்தப்பட்டு எழுதினார். இரண்டு புள்ளி குறைத்தால் வசனமும் சேர்ந்துதானே குறையும்? கோளாறு திரையரங்கில் இல்லை, வசனத்தையும் இசையையும் மற்றச் சத்தங்களையும் அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்ஸிங்கில் இருக்கிறது. அதைப் படம் வெளியாவதற்கு முன்பு சரிசெய்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் தேதி வெளியான ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. இயக்குநர் வினோத்ராஜ் நம் காதை நம்பியிருக்கிறார். ஆட்டோவின் இரைச்சல், காலில் கயிறு கட்டிய சேவல், பெண்களின் முணுமுணுப்பு, இவ்வளவுதான். தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலில் பேசும் பாண்டியாக சூரி நடித்திருக்கிறார். அவன் மணக்கவிருக்கும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி, குடும்பமே அவளைச் சாமியாடியிடம் அழைத்துப் போகும் பயணம்தான் கதை. அன்னா பென்னின் மீனா வாயே திறப்பதில்லை என்று சொல்லிவிடலாம். வழியில் எங்கிருந்தோ வரும் ஒரு சினிமாப் பாட்டை அவள் மெல்ல முணுமுணுக்கிறாள். அதைக் கண்ட பாண்டிக்கு வெறி பிடித்து, அவளை மட்டுமல்ல, தடுக்க வந்தவர்களையும் சேர்த்து அடிக்கிறான். அந்த இடத்தில் ஒரு வயலினையோ பறையையோ சேர்த்திருந்தால் அது இன்னொரு சினிமாக் காட்சியாகப் போயிருக்கும். இசை இல்லாததால் ஒவ்வொரு அடியும் நம் மேல் விழுகிறது. நான் பார்த்த அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று பலர் குறைப்பட்டார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். மீனாவுக்கு என்ன ஆகும் என்பதை அந்த ஆண்களே வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதானே வருகிறார்கள்?

இசையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே நாளில் வந்த ‘வாழை’ அந்தக் கடைசி ஒப்பாரிப் பாட்டு இல்லாமல் முடிந்திருக்கவே முடியாது. இசை எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதில் நிதானம் வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த நிதானக் குறைவுக்குக் காரணம் பயம் என்று நினைக்கிறேன். ஒரு நிமிடம் அமைதியாக விட்டால் ரசிகன் கைப்பேசியை எடுத்துவிடுவான் என்ற பயம். அதே பயத்தில்தான் படம் வெளியான பிறகு கத்திரியை எடுக்கிறார்கள். பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ ஏறக்குறைய மூன்று மணி நேரப் படமாக வந்தது. சில நாட்களில் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். தங்கையின் கல்யாண மேடையில், அண்ணன் கொண்டுவந்த நகைகளை அவள் அங்கேயே பிரித்துப் போட்டுக்கொள்ளும் காட்சி இருக்கிறதே, அதற்கு எந்த அவசரமும் இல்லை. அரவிந்த்சாமி அழுவதற்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள், நாம் அழுவதற்கும். இரண்டு பேர் இரவெல்லாம் பேசிக்கொண்டிருப்பதுதான் படம் என்றான பிறகு, பேச்சு நீளம் என்று வெட்டினால் எப்படி? ‘இந்தியன் 2’ படத்திலும் சுமார் 12 நிமிடம் குறைத்தார்கள். அங்கே கதையே தள்ளாடியது, வெட்டியதால் ஒன்றும் சரியாகவில்லை. ‘மெய்யழகன்’ அந்தக் கத்திரிக்கு உரிய படமே அல்ல.

இலங்கையிலிருந்து தப்பி வந்து இங்கே ஒளிந்து வாழும் ஒரு குடும்பத்தின் கதையான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ என் வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது. சசிகுமாரும் சிம்ரனும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் இடங்களில்தான் அந்தக் குடும்பத்தின் பயம் புரிகிறது. தெருவில் இருப்பவர்கள் எல்லாரும் அவ்வளவு சீக்கிரம் நல்லவர்களாகிவிடுவதை மட்டும் நம்ப முடியவில்லை.

பழைய பாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘லப்பர் பந்து’வில் கிரிக்கெட் ஆட்டக்காரராக வரும் கெத்து தினேஷ் களமிறங்கும்போது விஜயகாந்த் படப் பாட்டு ஒலித்ததும் அரங்கமே எழுந்து ஆடியது. அந்தப் பாட்டு அந்தப் பாத்திரத்துடையது, படத்தில் விஜயகாந்த் ரசிகராகவே அவர் வாழ்கிறார். ‘குட் பேட் அக்லி’யிலோ இளையராஜாவின் பாட்டுகள் விசில் வாங்குவதற்காகவே செருகப்பட்டிருந்தன. அனுமதி வாங்கவில்லை என்று அவர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் படத்துக்கு மாஸ் காட்ட ஒரு புதுப் பாட்டு கிடைக்கவில்லையா?

சின்னத்திரைக்கு வருகிறேன். மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேமரா வீட்டிலுள்ள ஒவ்வொரு முகத்துக்கும் போகிறது. முகத்துக்கு ஒரு ‘டமார்’. பிறகு அதே முகம் மூன்று முறை திரும்பத் திரும்ப. விளம்பர இடைவேளை முடிந்ததும் அதே ‘டமார்’ மறுபடியும். ‘எதிர்நீச்சல்’ தொடரில் மறைந்த மாரிமுத்து ஆதி குணசேகரனாக வந்தபோது இது எதுவும் தேவைப்படவில்லை. “இந்தாம்மா ஏய்” என்று அவர் ஆரம்பித்தாலே போதும், வீட்டில் பேச்சு நின்றுவிடும். 2023 செப்டம்பரில் அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. குரலால் ஒரு பாத்திரத்தை நிறுத்திக் காட்டிய நடிகர். அவரைப் பார்த்த பிறகும் நம் தொடர்களுக்கு இடி முழக்கம் எதற்கு?

ஓடிடியில் பார்ப்பவர்களின் அவதி வேறு. பேசும்போது ஒலியைக் கூட்டி, சண்டை வந்ததும் ஓடிப்போய்க் குறைத்து, ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்கிறோம். திரையரங்கில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்து வரும், இசையும் சத்தங்களும் சுற்றிலும் பரவும். வீட்டு டிவியின் சின்ன ஸ்பீக்கரில் எல்லாம் ஒன்றாகக் கொட்டும்போது வசனம் அமுங்கிவிடுகிறது. வீட்டுக்கென்று தனியாக மிக்ஸிங் செய்ய முடியும், அக்கறையோடு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். செய்யாதவர்களால், தமிழ்ப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலம் தெரியாத பெரியவர்கள் “என்ன சொன்னான்?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தமிழ்ப் படங்களுக்குத் தமிழ் எழுத்திலேயே வசனவரி கொடுப்பதைத் தளங்கள் ஏன் வழக்கமாக்கவில்லை? காது மந்தமானவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி வரும் விமர்சனங்களில் ஒலியமைப்பாளரின் பெயரைக் குறிப்பிடுங்கள். நன்றாகச் செய்திருந்தால் மனம்விட்டுப் பாராட்டுங்கள். வசனம் புரியாத படம் என்றால், அது எவ்வளவு பெரிய நடிகரின் படமாக இருந்தாலும், அதைத் தயங்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்